இடது கன்னம்

நிஜமாகவே என்றால் எதனால், பிளேடாலா, கத்தியாலா, இல்லை அடுப்பில் காய வைத்த கரண்டிக் காம்பாலா, அதையாவது யோசித்துவிட்டு வந்திருக்கிறானா, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, வரும்போது பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு வா என்று சொல்கிற குரலில், அக்கா இன்னைக்கு நிஜமாவே போட்டு விட்டுடு என்று சொல்லிவிட்டு நேரே உள்ளே வந்து ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, பல் டாக்டரிடம் வந்தவன் மாதிரி முகத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டான்... அவள் கை தன் பாட்டுக்கு வேலையைத் தொடங்கிவிட்டது. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, நேற்றைய தழும்பின் மிச்சத்தைத் தம்பியின் இடது கன்னத்திலிருந்து துடைத்து எடுத்து, அந்த ஈரம் உலர்வதற்குள் சின்னப் பழுப்பு பாட்டிலைத் திறந்து, காது மடலுக்குக் கீழே தொடங்கி உதட்டோரம் வரை முதல் பூச்சை இழுத்தாயிற்று. ஒன்றரை வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவிர எல்லாக் காலையும் இதே நாற்காலி, இதே ஜன்னல், இதே நாற்பது நிமிஷம். நாற்பது நிமிஷத்தில் அவன் வேறொருவனாகி எழுந்து போவான், அவள் பாட்டிலை மூடிவிட்டுக் குளிக்கப் போவாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் இத்தனை நாளும் இருந்தாள்.

அந்தத் திரவம் காயும்போது தோலைச் சுருக்கி உள்ளே இழுக்கும், காய்கிறவரை வாயைத் திறக்கக் கூடாது, சிரிக்கக் கூடாது, ஒரு கொட்டாவி விட்டால் போச்சு, மறுபடி முதலிலிருந்து. மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் எட்டு நிமிஷம், அப்புறம் நிறம், கடைசியில் பவுடர். அவள் வேலை பார்க்கும் மீட்புப் பயிற்சி நிலையத்திலிருந்து வருகிற பாட்டில்தான் அது. தீயணைப்புக்காரர்களும் ஆம்புலன்ஸ்காரர்களும் கை பழகுவதற்காக, நல்ல உடம்போடு வந்து வரிசையில் உட்காருகிற ஆட்களுக்கு அவள் காயம் போடுவாள், இவருக்குத் தீப்புண், அந்த அம்மாவுக்கு மண்டை உடைசல், அவருக்கு எலும்பு வெளியே தெரிகிற கால். காயக்காரம்மா என்று அங்கே அவளுக்குப் பெயர். மண்டை உடைந்தவர் பிஸ்கட்டை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருப்பார், எரிந்துபோன பெண் எரியாத கையால் போனில் மாமியாரைத் திட்டிக்கொண்டிருப்பாள், ரிட்டையரான குமாஸ்தா ஒருவர் மாதம் தவறாமல் வந்து, அம்மா எனக்குக் காலே போட்டுடுங்க, படுத்தே இருக்கலாம் பாருங்க என்பார். எல்லாம் பொய் என்று எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் கட்டுப் போடும்போது விரல் நடுங்கத்தான் செய்யும். தெரிந்துகொண்டே எப்படி நடுங்குகிறது என்று முதல் வருஷம் ஆச்சரியமாக இருந்தது, பிறகு அது அவள் சாமர்த்தியம் என்று தோன்றியது, பிறகு ஒன்றும் தோன்றவில்லை.

எட்டு நிமிஷம். அவன் கண்ணை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான், நரம்பான கழுத்து, முப்பத்து நான்கு வயதுக்கு இவ்வளவு மெல்லிய கழுத்து கூடாது, இந்தக் கழுத்தைப் பார்த்தாவது யாருக்காவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமா... வரவில்லை. கழுத்தை யார் பார்க்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாத அன்றைக்கு வலது கையை நீட்டிக்கொண்டு வந்து நிற்பான், அக்கா கட்டு போட்டு விடு, அவள் அம்மாவின் பழைய புடவையைக் கிழித்து, கொஞ்சம் மஞ்சள் தடவி, ரத்தம் கசிந்த மாதிரி சிவப்பு மையும் தொட்டு வைத்துக் கட்டி விடுவாள். சிவப்பு மை அவன் கேட்டதில்லை. அது அவளாகச் சேர்த்தது. பன்னிரண்டு வயதில் அந்த மை வைக்கும்போது நாக்கைக் கடித்துக்கொண்டு, ஓரம் கொஞ்சம் மங்கலாக, நடுவில் அடர்த்தியாக... அன்றைக்கே தெரிந்திருக்கிறது அவளுக்கு, வெறும் கட்டை யாரும் நம்ப மாட்டார்கள் என்று. அப்படியானால் தொடங்கியது யார், அவனா அவளா, இப்போது அதைக் கேட்டு என்ன ஆகப் போகிறது.

நிஜக் காயம் ஒன்று இருந்ததும் உண்மைதான், மூன்று வாரம் இருந்தது. பஸ் நிலையத்தில் ஒரு அம்மாள் காலடியில் வைத்திருந்த பையை இவன் நைசாக இழுக்கப் போக, அந்த அம்மாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த டிபன் பாக்ஸின் மூடியாலேயே கன்னத்தில் ஒரு வீசு வீசிவிட்டாள். எவர்சில்வர் மூடி, ஓரம் கூர்மை. ஆறு தையல். கட்டைப் பிரித்த அன்றைக்கு பஸ்ஸில் ஏறியிருக்கிறான், இடமில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான், திடீரென்று ஒரு ஆள் எழுந்து, அண்ணே நீங்க உட்காருங்க என்றிருக்கிறான். இவன் உட்கார்ந்ததும் பக்கத்திலிருந்தவனும் எழுந்து போய்விட்டான். கீறல் என்று ஒரு ரவுடி இருக்கிறான், காதிலிருந்து வாய் வரைக்கும் கோடு, ஆளை நேரில் பார்த்தவர்கள் சொல்வதற்கு மிஞ்சுவதில்லை என்று ஊரெல்லாம் பேச்சு உண்டு. அவனை யாரும் பார்த்ததில்லை, இருக்கிறானா என்பதே யாருக்கும் தெரியாது. அன்று வீட்டுக்கு வந்து இவன் விழுந்து விழுந்து சிரித்தான், தையல் இழுத்து வலிக்க வலிக்கச் சிரித்தான், அவளும்தான் சிரித்தாள். மூன்று வாரத்தில் கோடு மங்கிக்கொண்டே வந்தது, ஆழம் போகாத வெட்டு, சீக்கிரம் ஆறிவிட்டது. அக்கா, இது போகாம இருக்க நீ எதாவது பண்ண முடியாதா என்று கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கேட்டான். அப்போது அவன் குரலில் சிரிப்பு இல்லை என்பது அவளுக்கு இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

முதல் பூச்சு காய்ந்துவிட்டது, விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள், ஒட்டவில்லை. இரண்டாவதை இழுப்பதற்கு முன் அவன் வாயைத் திறக்காமல் பல்லுக்கு நடுவிலேயே பேசத் தொடங்கினான். குவாரிக்காரர்கள் நேற்று வந்திருந்தார்களாம், லாரி நிற்கிற இடத்தில் இவன் தினமும் உட்காருகிற டீக்கடைக்கே வந்து, நின்றுகொண்டே இருந்தார்களாம், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லையாம். மலையடியில் அவர்களுக்கும் இன்னொரு கூட்டத்துக்கும் எல்லைத் தகராறு, அந்தப் பக்கம் ஏற்கெனவே இரண்டு பேரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள், இவர்களுக்கு ஒரு ஆள் வேண்டும், சண்டை போட வேண்டாம், சும்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால் போதும், மழை முடிந்ததும் வண்டி அனுப்புகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, வருஷம் முழுக்க அங்கேயே. தூசி, வெயில், வேர்வை, ஆற்றில் எல்லாரும் சேர்ந்து குளியல். காலையில் ஏழு மணிக்கு முகத்தைத் தூக்கிக் கொடுக்க அங்கே அக்கா கிடையாது.

"இப்ப கீறினா மழை முடியறதுக்குள்ள ஆறிடும்ல?" என்றான்.

அவள் இரண்டாவது பூச்சை இழுத்தாள். "பேசாத. சுருக்கம் விழுந்துடும்."

நான்கு மாதத்தில் ஆறும், ஆனால் சிவப்பாக இருக்கும், வெள்ளைக் கோடாக மாற ஒரு வருஷம் ஆகும், ஒருவேளை கீறலுக்கு இருப்பதாக ஊர் சொல்கிற பழைய கோடு போல ஆகாமலே போகலாம், அவளுக்கு இது பாடம், நிலையத்துச் சுவரில் படத்தோடு ஒட்டியிருக்கிறது. தோல் எத்தனை அடுக்கு, எந்த அடுக்கு வரை போனால் தழும்பு நிற்கும், கன்னத்தில் எந்த இடத்தில் கொஞ்சம் ஆழம் போனாலும் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும், கண்ணிமை மூடாமல் போகும்... இவனுக்கு அதெல்லாம் தெரியாது. இவனுக்கு ரத்தத்தைப் பார்த்தாலே மயக்கம் வரும். ஊசி போடும்போது நர்ஸின் தோளில் சாய்ந்து விழுந்து, நர்ஸ் இவன் கன்னத்தைப் பார்த்துவிட்டு, எவ்வளவு பட்ட உடம்போ என்று பரிதாபப்பட்டாளாம். அதனால்தான் தன் கையால் செய்துகொள்ளாமல் இங்கே வந்திருக்கிறான். வேறு யாரிடமும் போகவும் முடியாது, கீறலுக்குக் கீறல் போட்டு விடுங்கள் என்று யாரிடம் போய்க் கேட்பது.

எட்டு நிமிஷம். அவள் நிறத் தட்டைத் துடைத்தாள். ஒரு வார்த்தைகூட இவன் பொய் சொன்னதில்லை, அதுதான் விசித்திரம், நான்தான் அவன்னு நான் என்னைக்காவது சொல்லியிருக்கேனா என்று அடிக்கடி கேட்பான், நியாயம்தான், சொன்னதே இல்லை. டீக்கடையில் உட்கார்ந்திருப்பான், யாராவது வந்து, இந்த மாதிரி ஒருத்தன் என் வாசலை மறைத்து வண்டியை நிறுத்துகிறான் என்பார்கள், இவன் கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்துவிட்டு, பார்த்துக்கலாம் என்பான். அவ்வளவுதான். மறுநாள் வண்டி இருக்காது. இவன் ஒன்றும் செய்திருக்க மாட்டான், யாரையும் பார்த்திருக்கக்கூட மாட்டான், சொன்னவர் போய், கீறல் அண்ணனிடம் சொல்லிவிட்டேன் என்று சொன்னதே போதுமாயிருக்கும். பார்த்துக்கலாம் என்ற ஒரே வார்த்தையில் இந்த ஊரில் பாதித் தகராறு தீர்ந்திருக்கிறது. பழைய தொழிலை விட்டானா என்றால் அதுவும் இல்லை, மாதத்தில் ஒரு நாள் அவளிடமே வந்து தழும்பை அழித்துக்கொண்டு, மூன்று மணி நேரம் பஸ்ஸில் போய், முகம் தெரியாத ஒரு ஊரில் யாரோ அசந்த நேரம் பார்த்து ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வருவான். பெரிய மனுஷன் ஆனதிலிருந்து ஒரு பை திருடக்கூட வெளியூர் போக வேண்டியிருக்கே அக்கா என்று சலித்துக்கொள்வான். ஆனால் இந்த ஆறேழு மாதமாக அதுவும் இல்லை. அழித்து விடு என்று கேட்பதே இல்லை. ராத்திரியும் அதோடேயே படுக்கிறான், தலையணை உறையெல்லாம் மாநிறக் கோடு.

அவளுக்குக் காய்ச்சல் வந்த இரண்டு நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும், வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். எழுந்திருக்க முடியவில்லை, பாட்டிலையும் தூரிகையையும் கொடுத்து, நீயே பார்த்துப் போட்டுக்கோ என்று அனுப்பிவிட்டாள். ஒன்றரை வருஷமாக அவன் தன் தழும்பைப் பார்த்ததெல்லாம் கண்ணாடியில்தான், ஆனால் போட்டுக்கொள்ளும்போது, அக்கா எதிரே உட்கார்ந்து போடுவாளே, எதிரே இருக்கிற முகத்துக்கு எந்தப் பக்கம் என்று யோசித்து, யோசித்துக் குழம்பி, அழகாக, பதமாக, வலது கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டான். காலையிலிருந்து சாயங்காலம் வரை டீக்கடையில் உட்கார்ந்திருந்தான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. லாரி மெக்கானிக் ஒருவன் மட்டும் கிளாஸை வாயருகில் கொண்டுபோனவன், அண்ணே போன தடவை என்று தொடங்கி, அப்படியே நிறுத்தி, டீயைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டுப் போனானாம். மறுநாள் ஊரில் பேச்சு, கீறலுக்கு இரண்டு பக்கமும் கோடு, ஒரு பக்கம் எப்போது தெரிய வேண்டும் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். அப்படியானால் அவர்கள் பார்ப்பது எதை? அவள் மூன்று பூச்சுப் பூசி, ஓரத்துக்கு ஊதா, நடுவுக்குப் பழுப்பு, மேட்டுக்குக் கொஞ்சம் வெள்ளை என்று ஒற்றி ஒற்றி வைப்பதை யாரும் பார்க்கவே இல்லையா? கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது அவளுக்கு. வருத்தம் எதற்கு என்று பிறகு தன்னையே கேட்டுக்கொண்டாள்.

பழக்காரர் பார்த்திருந்தார். பார்த்திருந்தார் என்றா சொல்வது... நிலையத்துக்கு ஒரு நாள் புதிதாக வந்த ஆள், ஐம்பது வயதிருக்கும், நெற்றியில் வெட்டுக்காயம் போட உட்கார வைத்திருந்தார்கள். மூலைக்கடை எதிரே பதினேழு வருஷம் தள்ளுவண்டியில் பழம் விற்றவராம், அந்த இடத்தைக் கேட்டு ஒருவன் மல்லுக்கு நின்றானாம், பேச்சு வளர்ந்து, அவன் போய்க் கீறல் அண்ணனிடம் சொல்லிவிட்டானாம். அண்ணன் என்ன சொன்னாராம் என்று கேட்டாள் அவள், தூரிகையை நிறுத்தாமல். பார்த்துக்கலாம்னு சொன்னாராம்மா, அதுக்கு மேல என்ன இருக்கு, அன்னைக்கே வண்டியைத் தள்ளிட்டு வந்துட்டேன், எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க என்றார். கோபமாகச் சொல்லவில்லை, மழை வந்தது என்பது போலச் சொன்னார். தூரத்திலிருந்து ஒரு தடவை பார்த்திருக்கிறாராம் அந்த முகத்தை, காதிலிருந்து வாய் வரைக்கும் பாம்பு மாதிரி நெளிந்து, நடுவில் தையல் பிரிந்த இடத்தில் ஒரு குழி, கண்ணுக்குக் கீழே ஒரு கிளை... அவள் ஒரு நாளும் குழி போட்டதில்லை, கிளை போட்டதில்லை. அந்த ஆளு மாதிரி எனக்கும் ஒண்ணு போட்டு விடுங்களேன், எங்க தெருவுல ஒரு சுத்து சுத்திட்டு வரேன் என்று அவரே சிரித்தார். அவளும் சிரித்தாள். நெற்றிக் காயம் அன்று வழக்கத்தைவிட நன்றாக வந்தது, பயிற்சியாளர் படம் எடுத்து வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து தம்பியிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். மறுநாள் காலையில் அவன் வந்து உட்கார்ந்தான், முகத்தைத் தூக்கினான், வாயைத் திறக்கக் கூடாத நேரம் தொடங்கிவிட்டது, சொல்லவில்லை. அதற்கு மறுநாளும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்றால், சனிக்கிழமை. அதைத் தவிர வேறென்ன காரணம். அவளை விட்டுவிட்டுப் போன ஆள், போனவன் போனவனாக இல்லாமல், சனிக்கிழமை தோறும் மத்தியானம் வந்து வீட்டுக் கதவை உதைப்பான். திறந்தாலும் உதைப்பான், திறக்காவிட்டாலும் உதைப்பான். தெரு முழுக்க ஜன்னல் ஜன்னலாக மூடிக்கொள்ளும், ஒருத்தர் வந்து என்ன என்று கேட்டதில்லை. தம்பியிடம் அழுதிருக்கிறாள், அவன் எழுந்து போய்ப் பின்வாசலில் நின்று பீடி பிடிப்பான், இந்தக் கழுத்தை வைத்துக்கொண்டு அவன் வேறென்ன செய்வான். தழும்பு வந்த இரண்டாவது மாதம் ஒரு சனிக்கிழமை அந்த ஆள் வந்தான், இவன் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தான், இடது பக்கம் தெருவைப் பார்க்கிற மாதிரி. ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஆள் தெருமுனையிலேயே நின்றான், சட்டைப் பையைத் தடவினான், எதையோ மறந்துவிட்டவன் மாதிரித் திரும்பிப் போனான். அதோடு சரி. அதற்கப்புறம் பஸ்ஸில் அவளுக்கு இடம் கிடைத்தது, காய்கறிக்காரர் அழுகலைத் தானே பொறுக்கித் தள்ளிவிட்டு நிறுத்தார், கிளினிக்கில் டோக்கன் இல்லாமல் கூப்பிட்டார்கள். அவள் நடக்கிற நடையே மாறிவிட்டது, செருப்புச் சத்தம் மாறிவிட்டது, அதை அவளே ஒரு நாள் கேட்டாள். யாருக்குத்தான் பிடிக்காது அது. பழக்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போன அதே வாரத்தில் அவள் மத்தியானம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கியிருப்பாள்.

"அக்கா."

"காயட்டும்டா."

"காய வேண்டாம்" என்றான். கண்ணைத் திறந்தான், விரலைக் காதுக்குக் கீழே வைத்து, நகத்தால் நெம்பி, இரண்டு பூச்சையும் சேர்த்து, பால் ஏட்டை எடுப்பது போல ஒரே இழுவையில் உரித்துவிட்டான். உரித்ததை என்ன செய்வதென்று தெரியாமல் ஜன்னல் விளிம்பில் வைத்தான், அது அங்கே புழு மாதிரிச் சுருண்டுகொண்டது. சட்டைப் பையிலிருந்து ஒரு காகித உறையை எடுத்து அவள் மடியில் போட்டான். நீள பிளேடு, ஆஸ்பத்திரியில் வைத்திருப்பது, உறை பிரிக்காதது. சுத்தமானதாகப் பார்த்துத்தான் வாங்கினேன் என்றான், மருந்துக் கடைக்காரர் பேப்பரில் பொதிந்து இரண்டு கையாலும் கொடுத்தாராம். மரத்துப் போக வைக்கிற மருந்து நிலையத்தில் இருக்குமே, இல்லாவிட்டாலும் பரவாயில்லை, துண்டைக் கடித்துக்கொள்கிறேன். கட்டுப் போட்டுக்கொண்டு டீக்கடையில் உட்கார்ந்தால் இன்னும் நல்லதுதான், புதுசா எங்கயோ ஒரு சம்பவம்னு அவங்களே சொல்லிக்குவாங்க. எல்லாவற்றையும் யோசித்திருக்கிறான். ஸ்கூல் பாடத்தில் ஒரு வரி யோசித்தவனில்லை.

"அங்க போய் எவனாவது நிஜமா கத்தியை எடுத்தான்னா என்னடா பண்ணுவ?"

"எடுக்க மாட்டாங்க. மூஞ்சிய பார்த்தா எடுக்க மாட்டாங்க."

"எடுத்தா?"

அவன் ஜன்னல் விளிம்பில் சுருண்டு கிடந்ததைப் பார்த்தான். "எனக்கு இது தெனமும் காலையில போயிடுது அக்கா" என்றான். "நீ துடைக்கிற பார், அந்த நேரம். அப்ப எனக்கு எழுந்து வெளிய போகவே பயமா இருக்கு. உனக்குப் புரியாது."

புரியாமலா. நன்றாகப் புரிந்தது, அதனால்தான் அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். எதிர்வீட்டு மாடியில் ஒரு பெண் போர்வையை உதறிக்கொண்டிருந்தாள், இந்த ஜன்னலைப் பார்த்ததும் உதறுவதை நிறுத்தி, போர்வையைச் சத்தமில்லாமல் மடித்துக்கொண்டு உள்ளே போனாள். குவாரிக்குப் போனால் இவன் திரும்பி வர மாட்டான், ஆஸ்பத்திரிக்குப் போன அந்த இரண்டு பேர் மாதிரியோ, அதைவிட மோசமாகவோ. போகாவிட்டால் கீறல் பயந்துவிட்டான் என்று ஊர் பேசும், மறுபடி சனிக்கிழமை வரும். கீறினால் இவன் ஏழு மணிக்கு வந்து உட்கார மாட்டான், இந்த முகத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்க்க அவளுக்கு வேறு நேரம் ஏது, அதற்காகத்தான் யோசிக்கிறாளா, அது ஒரு காரணமா, தன் வேலை போய்விடும் என்று பயப்படுகிற கைக்கும் அவன் கன்னத்துக்காகப் பயப்படுகிற கைக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும். அவள் ஸ்பிரிட் பஞ்சால் மறுபடி கன்னத்தைத் துடைத்தாள், உரித்ததில் இழையிழையாக ஒட்டிக்கொண்டிருந்தது எல்லாம் போகத் துடைத்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். ரத்தம் வரும்போது சொல்லாதே என்றான், தலையை நாற்காலியின் முதுகில் சாய்த்துக்கொண்டான், இமை துடித்தது.

கன்னத்தில் சிவப்பு இருந்தது, துடைத்த சிவப்பு. அது ஒரு நிமிஷத்தில் அடங்கிவிடும், திரவம் இழுத்த சுருக்கம் இன்னும் இரண்டு மூன்று நிமிஷத்தில் இளகிவிடும், அது வழக்கம். ஆனால் அவள் ஒரு நாளும் அதுவரைக்கும் காத்திருந்ததில்லை, துடைத்த ஈரத்திலேயே அடுத்ததைப் பூசிவிடுவாள். இன்றைக்குத்தான் பூசுவதற்கு ஒன்றுமில்லாமல், மடியில் பிளேடோடு, பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சிவப்பு அடங்கியது. தோல் தன் நிறத்துக்கு வந்தது. கோடு போகவில்லை. வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது, காது மடலுக்குக் கீழே தொடங்கி, கன்ன எலும்புக்குக் கீழே கொஞ்சம் தாழ்ந்து, உதட்டோரத்தில் முடிகிற ஒரு மெல்லிய பள்ளம், நகத்தால் காகிதத்தில் மடித்த மாதிரி. டிபன் பாக்ஸ் மூடி கொடுத்தது இல்லை இது, அந்தக் காயம் இன்னும் மேலே, குட்டையாக, மூன்று விரல் நீளம்தான், அது எப்போதோ போய்விட்டது. இது அவள் தூரிகை போகிற பாதை. விரலை வைத்துப் பார்த்தாள், விரல் தானாக இறங்கி, வளைகிற இடத்தில் வளைந்தது. தோலை இழுத்துப் பிடித்தாள், விட்டாள், மறுபடி வந்து நின்றது. நிலையத்தில் அந்தப் பாட்டிலை ஒரே ஆளுக்கு ஒரே இடத்தில் இரண்டு தடவைக்கு மேல் போட மாட்டார்கள், அது சுவரில் எழுதியே இருக்கிறது, தோல் நொந்து போகும் என்று அவளே புதிதாக வருகிற பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். ஒன்றரை வருஷம், ஞாயிறு தவிர. எப்போதிருந்து இருக்கிறது இது, போன மாதமா, அதற்கு முன்னாலா, இவன் அழித்து விடு என்று கேட்பதை நிறுத்தினானே அப்போதிருந்தா, காலையில் துடைத்ததுமே அவசரமாகப் பூச வேண்டும் என்று அவள் கைக்கு ஏன் தோன்றிக்கொண்டிருந்தது... அவனுக்குத் தெரியாது. அவன் காலை நேரத்தில் கண்ணாடி பார்ப்பதில்லை, எல்லாம் முடிந்து பவுடர் போட்ட பிறகுதான் பார்ப்பான். இப்போது கண்ணாடியைக் கையில் கொடுத்தால் சந்தோஷப்படுவான். இன்னும் ஒரு வருஷம் பூசினால் பிளேடே வேண்டாம் என்று சொன்னால் அதைவிடச் சந்தோஷப்படுவான்.

"ஆரம்பிச்சிட்டியா?" என்றான், கண்ணைத் திறக்காமல்.

"இல்ல."

"எங்கேருந்து ஆரம்பிப்ப? காதுலேருந்தா, வாயிலேருந்தா?"

அவள் மடியிலிருந்த உறையை எடுத்துக் காகிதத்தோடு மடித்துப் பஞ்சுக் குப்பையில் போட்டாள். "நான் பண்ண மாட்டேன்டா" என்றாள்.

அவன் சிரிக்கிற மாதிரி மூச்சு விட்டான். அவள் முதலில் மாட்டேன் என்றுதான் சொல்வாள் என்பது அவனுக்குத் தெரியும், கட்டுப் போட்டு விடச் சொன்ன நாளிலிருந்தே தெரியும். அசையவில்லை, தலை சாய்ந்தபடியே இருந்தது, இடது பக்கம் வெளிச்சத்தில். சரி, நாளைக்குப் பார்த்துக்கலாம் என்றான். அந்த வார்த்தை தன்னிடமே இப்போதுதான் முதல் தடவையாக வருகிறது என்பதை அவள் கவனித்தாள். பயமாக இல்லை, ஆனால் கவனித்தாள்.

"இன்னைக்கு நேரமாச்சு அக்கா, எட்டு மணிக்கு அங்க இருக்கணும். வழக்கமா போடறதையாவது போடு."

அந்தக் கன்னத்தை அவள் இன்னொரு தடவை பார்த்தாள். பாட்டிலை எடுத்து, மூடியைத் தேடி, இறுக்கித் திருகினாள்.

"அதுவும் இல்ல" என்றாள்.